அலமாரிக்குள் இரண்டு ஆமைகள்

எனக்கு வேலை போன அதே மாதத்தில்தான் என் மனைவிக்கு வேலை கிடைத்தது. இரண்டும் ஆந்திராவில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில். நான் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். ஒரு லைனை மூடினார்கள், கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை, அத்தோடு முடிந்தது. அவள் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். கண் நன்றாகத் தெரிய வேண்டும், விரல் நடுங்கக் கூடாது. அவளுக்கு இரண்டும் சரியாக இருந்தன.

"உங்களுக்கு ஒண்ணு அமையற வரைக்கும் போறேன்" என்றாள்.

எங்கள் சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். கம்பெனி பஸ் அங்கே வராது என்பதால் ஆந்திரப் பக்கமே நாராயணவனத்துக்குக் குடிவந்திருந்தோம். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, புத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பார்த்துக் கொடுத்த வீடு. கீழே ஓனரம்மா, மேலே நாங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடி. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். முன்பு அந்த பஸ்ஸில் நான் ஏறுவேன், அவள் டிபன் பையைக் கையில் கொடுப்பாள். இப்போது டிபன் பையை நான் கட்டினேன். ஆனால் தெருமுனை வரை கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவள் ஏன் என்று கேட்டதில்லை.

ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. என் அம்மாவிடம் போனில் ஷிப்ட் மாறியிருக்கிறது என்று சொன்னேன். மூன்றாவது படிக்கும் மகளிடமும், யாராவது கேட்டால் நைனா கம்பெனிக்குப் போகிறார் என்று சொல், போதும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

மழை ஆரம்பித்த சமயம் அது. ஒருநாள் சாயந்திரம் மச்சான் ஒரு பழைய ஷூ டப்பாவோடு வந்தான். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். திறந்தால் இரண்டு ஆமைக் குட்டிகள். ஒவ்வொன்றும் பாதி எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் விரிந்திருந்தன. மலை அடிவாரத்து ரோட்டைத் தாண்டிக் கொண்டிருந்தனவாம்.

"லாரி ஏறிடும் மாமா, அதான் எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வெச்சிருந்தா நல்லது நடக்கும்னு சொல்றாங்க. உனக்கும் ஒரு வேல வரும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகவே ஆகாது என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பாள். மச்சான் சவாரி ஏற்றும் ஆட்களோ பித்தளை ஆமையைக் காசு கொடுத்து வாங்கி ஹாலில் தண்ணீர்த் தட்டில் வைப்பவர்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை வரும் என்று அவன் சொன்ன வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. படித்தவன், ஐ.டி.ஐ. முடித்தவன், இரண்டு ஆமைக் குட்டிகள் எனக்கு வேலை வாங்கித் தரும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

"நைனா, இதுங்க இன்னா துன்னும்?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மச்சானே ஒரு பழைய மீன் தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் ஒரு கல். ஆமை என்றால் தண்ணீரில் இருக்கும் என்றுதானே நினைப்போம். குட்டிகள் தண்ணீரைக் கண்டு பயந்து கல்லின்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. தண்ணீரை இறைத்துவிட்டு வெறும் தொட்டியில் விட்டேன். அப்போது கண்ணாடியில் முட்ட ஆரம்பித்தன. எதிரே ஒன்று தடுக்கிறது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. காலால் பிறாண்டிப் பிறாண்டி அதே இடத்தில் நடந்துகொண்டிருந்தன. நாள் முழுக்க அந்தச் சத்தம். வீட்டில் நானும் அந்தச் சத்தமும்தான். என் மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, நான் அந்தத் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பேன்.

தக்காளியும் முட்டைகோசும் போட்டேன். வயிறு கெட்டுப்போய்த் தண்ணீராகப் போயின. ஒன்று கண்ணைத் திறக்கவே இல்லை. அப்போதுதான் பயம் வந்து போனில் தேடினேன். வளர்க்கிற ஆட்கள் போடுகிற வீடியோக்கள் ஏராளம். மகளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இங்கிலீஷில் வேகமாகப் பேசுவது எனக்குப் பிடிபடாது, கீழே ஓடும் எழுத்தை அவள் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். நாங்கள் செய்தது ஒவ்வொன்றும் தப்பு என்று தெரிந்தது. இது நிலத்து ஆமை. காய்ந்த மண் வேண்டும், வெயில் வேண்டும், வெயில் அதிகமானால் ஒதுங்க நிழல் வேண்டும். கண்ணாடி கூடாது. வெயில் படாவிட்டால் ஓடு பிஞ்சு வெள்ளரிக்காய் போல மெத்தென்று ஆகிவிடும். சின்னக் குட்டியின் ஓட்டைக் கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது.

ஓனரம்மா ஒரு பழைய மர அலமாரியைக் கழித்துவிட வைத்திருந்தார். கதவு இரண்டும் போன அலமாரி. அதைக் கேட்டேன். எதற்கு என்றார். கீரை போட என்றேன். நானும் மச்சானும் மாடிக்குத் தூக்கிப்போய், தண்ணீர் டேங்க் பக்கத்தில் முதுகு தரையில் படும்படி படுக்க வைத்தோம். பாதி டேங்க் நிழலில், பாதி வெயிலில். அடிப்பலகையில் துளை போட்டுச் செங்கல்மேல் உயர்த்தினேன், மழைத் தண்ணீர் இறங்கிப்போக. செம்மண்ணும் மணலும் கலந்து கொட்டினேன். நடுத் தட்டைக் கழற்றாமல் ஒரு மூலையில் மட்டும் அறுத்து வழி வைத்தேன், இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகட்டும் என்று. உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் புதைத்தால் அது படுக்கை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, தண்ணீருக்கு. காக்காயும் குரங்கும் கை வைக்காமல் இருக்க மேலே கம்பி வலையைச் சட்டம் அடித்து, கொக்கி வைத்து மூடினேன். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு செங்கலையும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன்.

சொல்லப்போனால், கம்பெனியில் இத்தனை வருஷம் நான் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. மெஷின் செய்யும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இது என் கையால் செய்தது. முதல்முறை அதற்குள் விட்டபோது இரண்டும் கொஞ்ச நேரம் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தன. பிறகு பெரியது எட்டிப் பார்த்து, மண்ணை ஒரு கடி கடித்துப் பார்த்து, வெயில் பக்கமாக நடந்தது. மகள் கை தட்டினாள்.

அதற்கப்புறம் என் நாள் அவற்றைச் சுற்றித்தான் நடந்தது. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி, கழுத்துக்கு மேலே ஏறாத அளவு பார்த்து, இரண்டையும் உட்கார வைப்பேன். குட்டி ஆமை வாயால் குடிப்பதைவிட இப்படி ஊறித்தான் தண்ணீர் பிடிக்கும் என்று படித்திருந்தோம். பிறகு துடைத்து, வெயிலில் விட்டு, செம்பருத்தி இலையும் அருகம்புல்லும் பொடியாகக் கிள்ளிப் போடுவேன். கோயில் குளத்துப் பக்கம் வேலியில் சப்பாத்திக்கள்ளி இருந்தது. முள்ளைத் தீயில் வாட்டி எடுத்து மடலை அரிந்து கொடுத்தால் இரண்டும் சண்டை போடும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று ஒன்று விற்கும். கணவாய் மீனின் ஓடுதான் அது. அதைச் சுரண்டிப் பொடியாக இலையில் தூவுவேன். சின்னதின் ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது. மார்கழிக் குளிரில் ராத்திரிகளில் மட்டும் அட்டைப் பெட்டிக்கு மாற்றி, சமையலறையில் ஒரு குண்டு பல்பைத் தாழக் கட்டித் தொங்கவிட்டேன்.

இதையெல்லாம் சந்தோஷமாகச் செய்தேன் என்று சொன்னால் அது உண்மை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூனிக் குறுகித்தான் செய்தேன் என்றாலும் உண்மை.

ஒருநாள் மாடியில் குத்துக்காலிட்டு, சின்னதைக் கையில் ஏந்தி, பழைய டூத் பிரஷால் அதன் ஓட்டைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். தெருமுனையில் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். அவர்களில் என்னோடு வேலை செய்தவர்களின் மனைவிகளும் உண்டு. ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். என் மனைவியிடம் ஏதோ சொன்னாள். என் மனைவியும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துச் சிரித்து, கையை ஆட்டினாள். அவள் சாதாரணமாகத்தான் ஆட்டினாள், காலை நேரத்தில் புருஷனைப் பார்த்து எந்தப் பெண்ணும் ஆட்டுவது போல. நான் சட்டென்று கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆமையின் கால் என் உள்ளங்கையில் நீந்திக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து பஸ் போன பிறகுதான் மாடி ஏறினேன். என் மனைவி அதன்பிறகு நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு வீடியோவில் ஒரு தெலுங்குப் பையன், இது நட்சத்திர ஆமை, இதை வீட்டில் வைத்தால் ஜெயில், காட்டில் எடுக்கக்கூட உரிமை இல்லை என்று விளக்கமாகச் சொன்னான். நான் போனை அணைத்தேன். ஏன் நைனா நிறுத்திட்ட என்று மகள் கேட்டாள். சார்ஜ் போய்விட்டது என்றேன். அவள் போனை வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாங்கிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் புத்தூரில். மச்சானின் ஆட்டோவில்தான் போய்வருவாள். அவனுக்குச் சவாரி இருக்கும் நாளில் நான் போய்க் கூட்டி வருவேன். அப்படிப் போன ஒருநாள் அவளுடைய கிளாஸ் டீச்சர் கேட்டுக்கு வந்து நின்றார். மற்ற அப்பா அம்மாக்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "சார், மீரு தாபேள்ளு பெஞ்சுதாரட கதா" என்றார். ஆமை வளர்க்கிறீர்களாமே என்று. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கிளாஸில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவள் எழுந்து நின்று, எங்கள் நைனா ஆமை வளர்க்கிறார், ஆமைக்கு வீடு கட்டினார், சாகக் கிடந்ததைப் பிழைக்க வைத்தார் என்று தெலுங்கில் நீளமாகச் சொல்லியிருக்கிறாள். கிளாஸே சிரித்ததாம். இவள் உட்காரவில்லையாம், இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. டீச்சர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், அது எந்த வகை ஆமை என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்லாததிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது. யாராவது புகார் எழுதிப் போட்டுவிட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம், சீக்கிரம் ஏதாவது செய்துவிடுங்கள் என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன், கம்பெனி என்றுதானே சொல்லச் சொன்னேன் என்று.

"நீதான் கம்பெனிக்குப் போறதில்லையே நைனா."

"சொன்னத சொல்லணும். உன்ன யாரு ஆமைய பத்திப் பேசச் சொன்னது? எல்லாரும் சிரிக்கிறாங்கோ, தெரியல?"

அவள் என்னையே பார்த்துக் கொண்டிருந்தாள். "அவங்க சிரிச்சா சிரிக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளாஸில் என்னைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பெருமையாகப் பேசிய ஒரே ஆள் அவள். அந்தப் பெருமைக்காகத்தான் அவளைத் திட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் மாடிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாள். டீச்சர் சொன்னதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆமைகளுக்காகத் தள்ளினேனா, அவை போய்விட்டால் எனக்கு என்ன வேலை என்று தள்ளினேனா, எனக்கே தெரியவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவிக்கு அன்றும் ஷிப்ட் இருந்தது. நான் மாடியில் அலமாரியின் பழைய மண்ணை வாரிவிட்டுப் புதுமண் கொட்டிக்கொண்டிருந்தேன். கீழே பேச்சுக் குரல் கேட்டது. நகரியிலிருந்து என் மனைவியின் சித்தியும் சித்தப்பாவும், அவர்கள் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு இறங்கலாம் என்று படிக்கட்டில் கால் வைத்தேன். சித்தப்பாவின் குரல், எங்கே உங்க அப்பா என்றது.

"நைனா கம்பெனிக்குப் போயிருக்காரு தாத்தா" என்றாள் மகள். "டபுள் டியூட்டி. இன்னிக்கு சண்டே இல்ல, ரெண்டு மடங்கு குடுப்பாங்க. ராத்திரிதான் வருவாரு. அவரு இல்லன்னா அங்க லைனே ஓடாது."

தடுமாற்றமே இல்லை. லைன் ஓடாது என்பதெல்லாம் நான் சொல்லிக் கொடுக்காதது. பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும், அம்மா மத்தியானத்துக்கு மேல் வந்துவிடுவாள், கீழே ஓனரம்மா பார்த்துக்கொள்கிறார், எனக்குப் பயமில்லை என்று சொன்னதும் கேட்டது. மாப்பிள்ளை ரொம்பப் பொறுப்பு என்று சித்தி சொன்னார்.

நான் இறங்க முடியாது. இறங்கினால் என் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். சத்தம் வராமல் ஏறி, டேங்க் நிழலில் அலமாரியை ஒட்டி உட்கார்ந்தேன். அவர்கள் என் மனைவி வரட்டும் என்று காத்திருந்தார்கள். வெயில் நகர நகர நானும் நிழலோடு நகர்ந்தேன். தாகம் எடுத்தபோது டேங்கின் குழாயில் சூடான தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தேன். கம்பி வலைக்குள் பெரியது என் கால் சத்தத்துக்கு ஓடிவந்து ஓரத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது, தீனி என்று நினைத்து. என் வீட்டு மாடியில் நான் ஒளிந்திருந்தேன். என்னை ஒளித்து வைத்தது எட்டு வயதுப் பிள்ளை.

கடைசியில் அவர்கள் காத்திருந்து அலுத்து, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். மகள் மேலே வந்தாள். கையில் ஒரு டம்ளர் மோர்.

"போய்ட்டாங்க நைனா. எறங்கு" என்றாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. ஷிப்ட் முடிந்தது என்று சூப்பர்வைசர் சொல்வதுபோலச் சொன்னாள்.

மத்தியானத்துக்கு மேல் வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் சொன்னது, வீடியோவில் கேட்டது, மாடியில் உட்கார்ந்திருந்தது எல்லாம். அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன்.

"எனக்கு உங்கள பத்தி எப்பவும் வெக்கமா இருந்ததில்ல" என்றாள். "உங்களுக்கு இருக்குதுன்னு தெரியும். அதான் நானும் வாயத் தொறக்கல. அந்தக் கொழந்தைக்கும் அது தெரிஞ்சிருக்கு பாருங்க." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சாப்பிட்டாள்.

ஆமைகளை என்ன செய்வது என்று மச்சானைக் கேட்டோம். எடுத்த இடத்திலேயே மலையடியில் விட்டுவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றான். எனக்கு மனசு வரவில்லை. மனுஷன் கால் சத்தம் கேட்டால் ஓடிவரப் பழகிவிட்டவை அவை. ரோட்டுக்குத்தான் வரும். வீட்டில் வளர்ந்ததைக் காட்டில் விட்டால் அங்கிருப்பவற்றுக்கு நோய் ஒட்டும் என்றும் படித்திருந்தேன். திருப்பதியில் வனத்துறை ஆபீசில் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்தேன். என் மனைவி, பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்தாள். வழியில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அப்போதும் எனக்கு அதுதான் தோன்றியது.

மகளும் வருவேன் என்றாள். ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைக்கோல் பரப்பி, இரண்டையும் வைத்து, மேலே ஈரத்துணி போட்டுப் புத்தூரில் திருப்பதி பஸ் ஏறினோம். கூடை அவள் மடியில் இருந்தது. வடமாலப்பேட்டை தாண்டும் வரை துணிக்கு மேலே கையை வைத்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் என்ன பாப்பா அது என்றதற்கு, பூச்செடி என்றாள். அதையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆபீசில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். தெலுங்கில்தான் பேசினார், நான் பாதித் தமிழில் சொன்னதும் புரிந்துகொண்டார். கூடையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி வயிற்றுப் பக்கம் பார்த்து, மூக்கைப் பார்த்து, ஓட்டை விரலால் தட்டினார். எங்கே கிடைத்தது என்றார்.

இன்று காலையில் நாராயணவனம் ரோட்டில் என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். அப்படியாம்மா என்று கேட்டார். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"ஆமாங்க மேடம். நைனா வண்டிய நிறுத்தி எறங்கி எடுத்தாரு. ரெண்டும் ரோட்டத் தாண்டிக்கினு இருந்துச்சு. பின்னாடியே லாரி வந்துச்சு" என்று தெலுங்கில் சொன்னாள். லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கையை நீட்டிக் காட்டினாள். எங்களுக்கு வண்டியே கிடையாது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அன்று கிளாஸில் எழுந்து நின்று அத்தனை பேர் சிரித்தும் உட்காராமல் உண்மையைச் சொன்ன பிள்ளை அது.

"இல்ல மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்ல மேடம். பொய். மழைக்காலத்துலேர்ந்து எங்க வீட்டுலதான் இருக்குதுங்க. தப்புன்னு தெரிஞ்சும் வெச்சிருந்தேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. ரோட்டில் கிடைக்கும் ஆமைக்கு வயிறு இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று மட்டும் சொன்னார். பிறகு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன சொல்வேனோ அதையே பிடித்துக்கொண்டு மேலே பேசத் தயாராக இருந்தாள். அது எனக்குத் தெரிந்தது.

"வேல இல்ல மேடம். என் வீட்டம்மாதான் போய்க்கினு இருக்காங்க. நான் வீட்டுல இதுங்கள பாத்துக்கினு இருந்தேன்."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. உள்ளே ஏதோ இறங்கி லேசாகிவிடும் என்று கதைகளில் வருமே, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. வியர்த்துக் கொட்டியது. பக்கத்து மேஜையிலிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் செருப்பில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த அதிகாரி என்னை நன்றாகவே திட்டினார். நல்லெண்ணத்தில் எடுத்தேன் என்று ஆளாளுக்கு எடுத்தால் மலையில் என்ன மிஞ்சும் என்றார். நீங்கள் ஒழுங்காக வைத்திருந்தீர்கள், ஆனால் உங்களைப் பார்த்து வாங்கி வளர்க்கிற பத்துப் பேர் சாகடிப்பார்கள் என்றார். நானே தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பாதி சாகடித்தவன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தானாகக் கொண்டுவந்து கொடுத்ததால் இந்த முறை விடுகிறேன் என்றார். பிறகு மகளிடம் என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். சொல்லு என்றேன். செம்பருத்தி, கள்ளி மடல், கடல் நுரைப் பொடி என்று ஆரம்பித்து, காலைக் குளியல், குண்டு பல்பு, எறும்புக் கிண்ணம் வரை சொன்னாள். ஆனால் கிளாஸில் சொன்ன மாதிரி இருந்திருக்காது. ஒவ்வொன்றையும் இது சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. அவங்க கள்ளி மடல் குடுப்பாங்களா நைனா என்று ஒருமுறை கேட்டாள். குடுப்பாங்க என்றேன். நிஜமாவா என்றாள். தெரியாது, ஆனா நம்ம விட நல்லா பாத்துப்பாங்க என்றேன். அதை நம்பினாளா என்று தெரியவில்லை.

அந்த வாரமே அம்மாவுக்குப் போன் செய்து வேலை போன விஷயத்தைச் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். சொன்னேன். அப்போ தீபாவளிக்கு நீ எடுத்துக் குடுத்த பொடவ யாரு காசு என்றாள். உன் மருமக காசு என்றேன். நல்ல பொடவதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நகரிக் கல்யாணத்துக்குப் போனபோது சித்தப்பா, கம்பெனியில் உங்களை விட்டால் ஆளே இல்லையாமே என்று எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார். வேலையில் இல்லை மாமா, வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. சாம்பாரைக் கொண்டுவா என்று யாரையோ கூப்பிட்டார். பக்கத்து இலையிலிருந்த மகள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

இப்போது சத்தியவேடு ரோட்டில் ஒரு குடோனில் சரக்கு இறக்கி அடுக்கும் வேலை, பாதி நாள் உண்டு, பாதி நாள் இல்லை. இல்லாத நாளில் வீட்டில் இருக்கிறேன், டிபன் பையை பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூச்சம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்கள் நடுவில் நிற்கும்போது இன்னும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் நிற்கிறேன்.

போன வாரம் மகளின் கணக்கு வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டேன். முடிச்சிட்டேன் நைனா, டீச்சர் குட் போட்டாங்க என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கத்தில் குட் போட்டார்கள் என்பதையும் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பையைத் திறந்து பார்த்திருக்கலாம். திறக்க எனக்குக் கை வரவில்லை. சரி, கையைக் கழுவிட்டு வந்து துன்னு என்றேன்.